பனை ஓலைக் கடகத்துக்கும் உண்டு ஜீ.எஸ்.பி. பிளஸ்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இலங்கைப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் இறக்குமதி வரிச்சலுகை பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம், சலுகைக்கு நிபந்தனையான 27 சர்வதேச உடன்படிக்கைகள், பிரசல்ஸிலிருந்து வரும் தூதுக்குழு, இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பருத்தித்துறையில் பனை ஓலைச் சாமான் வாங்கி அனுப்பும் என்னைப்போன்ற ஆட்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று யாரும் எழுதிக் காணவில்லை.

புலோலி, வதிரிப் பக்கத்துப் பெண்கள் இழைக்கிற கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி பாரிசில் லாச்சப்பல் பகுதியில் உள்ள தமிழ்க் கடைகளுக்குப் போகிறது. எங்கள் பெட்டிகள் கொழும்பு முகவர் ஒருவரின் கொள்கலனில், மிளகாய்த்தூளோடும் அரிசிமாவோடும் ஏறும். பட்டியலில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பலசரக்கு' என்று ஒரே வரி. போன தடவை கடைக்காரத் தம்பி தொலைபேசியில் சொன்னார்: "அக்கா, உங்கட சாமானோட ஒரிஜின் கடதாசி வரேல்லை. கஸ்ரம்ஸிலை வரி கட்டித்தான் எடுத்தனான்." ஓலைச் சாமானுக்கு வரி சில வீதம்தான். ஆனால் அடுத்த ஓடரில் அவர் விலையைக் குறைக்கக் கேட்பார். அந்தக் குறைப்பு கடைசியில் இழைக்கிற பெண்ணின் கூலியில்தான் வந்து விழும்.

இந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்று ஏற்றுமதியாளர் தன் விலைப்பட்டியலில் ஒரு குறிப்பிட்ட வாசகத்தை எழுதவேண்டும்; தம்பி சொன்ன ஒரிஜின் கடதாசி அதுதான். அதைக் காட்டி அங்கே இறக்குமதி செய்பவர் சலுகையைக் கேட்கவேண்டும். ஒரு சரக்கின் பெறுமதி 6000 யூரோவைத் தாண்டாவிட்டால் இதைப் பதிவு இல்லாமல் எந்த ஏற்றுமதியாளரும் எழுதலாம். தாண்டினால்தான் வர்த்தகத் திணைக்களத்தின் ஊடாகப் பதிவு எண் வேண்டும். எங்கள் ஊரில் இருந்து போகிற ஓலைச் சரக்கில் 6000 யூரோவைத் தொடுவது எத்தனை?

வாசகத்திலும் நுணுக்கம் உண்டு: பொருள் எந்த வகையில் இங்கே உற்பத்தியானது என்று காட்டும் ஓர் ஆங்கில எழுத்தையும் அதோடு போடவேண்டும். குருத்தோலையில் மட்டும் இழைத்த பெட்டிக்கு, முழுதும் இங்கேயே கிடைத்தது என்பதற்கான 'P' எழுத்து. இறக்குமதிச் சாயம் போட்டால், நைலோன் பிடி தைத்தால் அந்த எழுத்துச் சரிவராது; போதிய அளவு இங்கே வேலை செய்யப்பட்டது என்பதற்கான வேறோர் எழுத்தைப் போட்டு, பொருளின் சுங்க இலக்கத்தையும் எழுதவேண்டும். அப்போதும் சலுகை போகாது. லண்டனுக்கு அனுப்பினால் கதை வேறு: பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, 2023 யூனில் தன் சொந்த வரிச்சலுகைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. பாரிசுக்கு எழுதிய வாசகம் அங்கே எடுபடாது.

இதையெல்லாம் நான் அறிந்தது எந்த அலுவலகத்திலும் அல்ல. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தந்து, "ஏஜென்டைக் கேளுங்கோ" என்றார்கள். ஏஜென்ட் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். பாரிசில் கணக்காளராக இருக்கும் என் மருமகள்தான் விதிகளை வாசித்துச் சொன்னாள்.

சலுகையை நிறுத்தச் சொல்லி வெளிநாட்டில் குரல் கொடுக்கும் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் காரணத்துக்காக அதை நிறுத்தினார்கள். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அந்த ஏழு வருடத்தில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அசைந்ததா? சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தை நெருக்குவதே புத்தி என்பது என் எண்ணம். இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வீட்டைப் பார்க்கிற எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஆடைக்குச் சாதாரண வரி 12 வீதம் வரை போகிறது. சலுகை போனால் முதலில் அடிபடுவது அவர்கள்.

இப்போதைய ஐரோப்பியத் திட்டத்துக்கும் ஒரு முடிவுநாள் இருக்கிறது. அதற்குள்ளாவது யாழ் மாவட்டச் செயலகத்தில் மாதத்தில் ஒரு நாள் இதற்கென்று தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஒரு அலுவலரை இருத்தவேண்டும். அவர் வரும்வரை, அந்த வாசகத்தை எந்த எழுத்து எதற்கு என்ற விளக்கத்தோடு உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வடமராட்சியில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பனை ஓலைச் சாமான் வியாபாரி ஒருத்தி,
பருத்தித்துறை.