கேஸ் கீசருக்குப் புகைக்குழாய் போடுங்கள்: வேலூர் லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லாட்ஜ், வாடகை வீட்டு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தோட்டப்பாளையத்தில் தகரப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களில் பலருடைய மாடிக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டி மூடியும் என் பட்டறையில் செய்தவைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மார்கழியில் நம் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் சிகிச்சைக்காக அஸ்ஸாமிலிருந்து வந்த பெண், குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். கதவை உடைத்துத் தூக்கி வந்து வராந்தாக் காற்றில் கிடத்திய பிறகுதான் கண் திறந்தாள். சாப்பிடாமல் குளித்திருப்பாள், அதனால் வந்த மயக்கம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

உடைந்த தாழ்ப்பாளை மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், சுவரில் கேஸ் கீசர், அதாவது சிலிண்டர் கேஸில் தண்ணீர் சுட வைக்கும் பெட்டி. அதன் தலையில் புகை வெளியேறும் வட்ட வாய் அப்படியே திறந்து கிடக்கிறது, குழாய் இல்லை. அதற்கு மேலே சுவரில் கருப்பாகக் கரி படிந்திருக்கிறது. கொசு வராமல் இருக்க வெண்டிலேட்டரை பாலிதீன் தாள் வைத்து டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கதவின் அடியிலும் ரப்பர் பட்டை. காற்று வர ஒரு வழியில்லை, புகை போக ஒரு வழியில்லை. எனக்குச் சொன்ன வேலை புதுத் தாழ்ப்பாள் போடுவது மட்டும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிய 12 கன மீட்டருக்குக் குறையாமல் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் கொடுக்கும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் போகும். உங்கள் குளியலறை 4 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. அதில் இருக்கும் மொத்தக் காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். கால் மணி நேரம் குளித்தால் அதில் பாதிக்கு மேல் கீசருக்கே தேவைப்படுகிறது. காற்று குறையக் குறைய நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகிறது, கார்பன் மோனாக்சைடு கிளம்புகிறது. சிலிண்டர் கசிந்தால் தெரியட்டும் என்று கேஸில் வாடை சேர்த்திருக்கிறார்கள். இந்த நச்சுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். இந்த நச்சு கொஞ்சமாக ஏறினால் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி. நம் ஊருக்கு வந்து தங்குகிறவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மருந்தின் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தம் குறைந்து வந்தவருக்கு இந்த நச்சு இன்னும் சீக்கிரம் ஆபத்தாகும். அந்தப் பெண்ணுடைய அம்மாவும் அதே குளியலறையில்தான் குளித்துக்கொண்டிருந்தார். தினமும் குளித்த பிறகு தலை சுற்றுகிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. யாரிடம் போய் என்ன கேட்பார்கள்?

ஆகவே கேட்கிறேன்: கீசர் இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் புகை போக ஒரு குழாயும், காற்று வர ஒரு திறப்பும் வையுங்கள். அது முடியும்வரை கீசரை எரிய விடாதீர்கள்.

குழாய் தகரத்தில்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு பிவிசி குழாய்தானே போடுகிறார்கள் என்று ஒரு பிளம்பர் என்னிடம் வாதாடினார். அந்த ஃபர்னஸ் புகையிலிருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஆறிய புகையைத்தான் வெளியே விடுகிறது. காற்றை உள்ளே இழுக்க அதற்குத் தனியாக இன்னொரு குழாயும் உண்டு. நம் கீசரின் புகை சூடாக வரும், பிவிசி இளகிவிடும். கீசரின் வாய் எவ்வளவு அகலமோ அதைவிடக் குழாய் குறுகக் கூடாது. முதலில் நேராக மேலே ஏற வேண்டும். படுக்கையாகப் போகும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலமாவது ஏற்றம் வேண்டும். எல்போ என்ற வளைவுத் துண்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. முனை வானம் பார்த்த இடத்துக்குப் போய், மழைக்குத் தொப்பியோடு முடிய வேண்டும். குளியலறைகளுக்கு நடுவே இருக்கும் டக்டில் கொண்டுபோய் விட்டால் அடுத்த அறைக்காரர் அந்தப் புகையைச் சுவாசிப்பார். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். மூடிய அறையில் அது குழாய் வழியே மேலே போகும் புகையைத் திருப்பி உள்ளேயே இழுத்துவிடும். கதவின் அடியில் காற்று வர மூட முடியாத ஜாலித் தட்டு ஒன்று அவசியம்.

விறகு அடுப்பு எரித்த காலத்தில்கூட நம் ஊரில் பல சமையலறைகளில் புகைபோக்கி இருந்தது. இன்று டைல்ஸ் ஒட்டுகிறோம், டிவி மாட்டுகிறோம், கரண்ட் பில் ஏறுகிறது என்று கேஸ் கீசர் வாங்குகிறோம். குழாய்ச் செலவு மட்டும் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. நோயாளி ஊரை நம்பி வருகிறார், நாம் அவரை நம்பிப் பிழைக்கிறோம். என் பட்டறையும்தான். இப்படியிருக்க, அட்வான்ஸ் வாங்கும்போது காட்டும் கறார் குளியலறையைப் பார்க்கும்போது எங்கே போகிறது? சரி, கோபத்தில் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பணிவாகக் கேட்பது ஒன்றுதான். குழாயும் காற்று வழியும் இல்லாத கீசரை இன்றே நிறுத்துங்கள். வேலையை என்னிடம்தான் தர வேண்டும் என்றில்லை, எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அளவு பார்க்க மட்டும் கூப்பிட்டாலும் காசு வாங்காமல் வந்து பார்க்கிறேன். குழாய் மாட்ட வாயே இல்லாத சின்ன கீசர் என்றால் அதைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். கழற்றித் திறந்த பால்கனிச் சுவரில் மாட்டுங்கள், வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும்.

இப்படிக்கு,
தோட்டப்பாளையம் தகரப் பட்டறைக்காரன்