லிவியா வேடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உனக்கு நாடகத்தில் லிவியா வேடம் கிடைத்திருப்பதை அப்பா தெருவெல்லாம் சொல்லி வருகிறார். லிவியா யார் என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் இல்லை. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மனைவி, அடுத்த பேரரசர் திபேரியஸின் தாய் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எந்த லிவியாவைப் பார்த்துப் பழகுவது என்று கேட்டிருந்தாய். 1976இல் பிபிசி எடுத்த ‘ஐ, கிளாடியஸ்’ தொடரிலிருந்து தொடங்கு. எல்லாம் ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. தூண்களைத் தட்டினால் அட்டைச் சத்தம் கேட்கும் போலிருக்கும். அதனாலேயே முகங்களை நம்பி எடுத்திருக்கிறார்கள். அகஸ்டஸ் சாகும் காட்சியில் கேமரா பிரையன் பிளெஸ்ஸட்டின் முகத்தை விட்டு நகராது. லிவியாவாக வரும் ஷான் பிலிப்ஸின் குரல் மட்டும் கேட்கும். இத்தனை வருடக் குடித்தனத்துக் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த முகத்தில் உயிர் எப்போது போயிற்று என்று நமக்கே சட்டென்று பிடிபடாது. பிறகு வெளியே வந்து, அத்திப்பழத்தைத் தொடாதே என்று மகனிடம் சொல்வாள். அதில்தான் விஷம் தடவியிருந்தாள். ஊறுகாய் ஜாடியை ஈரக்கையால் திறக்காதே என்று நான் உன்னிடம் சொல்வேனே, அதே தொனி. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஷான் பிலிப்ஸும் முதலில் லிவியாவின் கொடுமைக்கு நியாயம் தேடித் திணறினாராம். கெட்டவளாகவே நடி, எவ்வளவு கெட்டவளோ அவ்வளவு சிரிப்பும் வரும், பயமும் வரும் என்று இயக்குநர் ஹெர்பர்ட் வைஸ் சொன்ன பிறகுதான் வேடம் பிடிபட்டதாம்.

நடிப்பு சரி, ஆனால் அது லிவியாவுக்கு இழைத்த அநியாயம். அத்திப்பழக் கதையை எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, அகஸ்டஸ் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர். அவரே அதை ஊர்ப்பேச்சாகத்தான் சொல்கிறார். அகஸ்டஸின் வாழ்க்கையை எழுதிய ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் சொல்வதைப் பார்: நம் திருமண வாழ்வை மறவாதே என்று சொல்லி, லிவியாவை முத்தமிட்டபடியே அகஸ்டஸ் உயிரை விட்டார். அப்போது அவருக்கு 75 வயது. அந்த வயதுக்காரர் சாவதற்கு விஷம் வேண்டுமா என்ன!

அரச குடும்பத்து அம்மாக்கள் என்றாலே இந்தத் தொடர்க்காரர்களுக்குக் கை அரிக்கிறது. 2005இல் வந்த ‘ரோம்’ தொடரில் அகஸ்டஸின் தாய் அட்டியாவைச் சூழ்ச்சிக்காரி ஆக்கி, மார்க் ஆண்டனிக்குக் காதலியாகவும் சேர்த்துவிட்டார்கள். பிள்ளையைச் செம்மையாக வளர்த்த தாய்மார் வரிசையில் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூல் அவளைச் சொல்கிறது. அவள் கி.மு. 43இலேயே இறந்துவிட்டாள், தொடரிலோ அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் மகனின் வெற்றி ஊர்வலம் வரை நடமாடுகிறாள். செத்தவள் மானநஷ்ட வழக்கா போடப் போகிறாள்? பாலி வாக்கர் அவ்வளவு பிரமாதமாக நடித்திருப்பதால் இனி அட்டியா என்றால் அந்த முகம்தான். அதே தொடரில் சிறுவன் அகஸ்டஸாக வரும் மாக்ஸ் பிர்கிஸ் மட்டும் கனகச்சிதம்: ஒல்லி உடம்பு, ஈரமில்லாத கண். உண்மை அகஸ்டஸ் குள்ளம். உயரமாகத் தெரிய அடித்தோல் தடித்த செருப்புப் போட்டவர். பிளெஸ்ஸட்டின் ஆகிருதிக்கும் அதற்கும் வெகுதூரம்.

2021இல் வந்த ‘டோமினா’ தொடர் லிவியாவின் பக்கம் நின்று கதை சொல்கிறது. லிவியாவாக வரும் காசியா ஸ்முட்னியாக் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு காரணச் சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள், எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அவள் இளமையை. கைக்குழந்தை திபேரியஸோடு, பின்னாளில் அகஸ்டஸ் ஆகப்போகிறவனின் ஆட்களுக்குப் பயந்து ஓடியவள் அவள். ஸ்பார்ட்டா பக்கம் இரவில் காட்டுத்தீயில் சிக்கி, உடையும் கூந்தலும் கருகித் தப்பினாள். பிறகு அவனையே மணந்தாள், அதுவும் முதல் கணவனின் பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி. இது சூட்டோனியஸில் உள்ள சேதி, எந்த எழுத்தாளரும் இட்டுக்கட்டியதில்லை.

நம் வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமக் காசுகளில் திபேரியஸின் வெள்ளிக் காசுகளும் உண்டு. அவன் காசுகளில் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் லிவியாதான் என்று பலர் சொல்கிறார்கள். ஊருக்கு வரும்போது படம் காட்டுகிறேன்.

இன்னொரு சேதியை உன் இயக்குநரிடம் சொல். முக்கியமான விஷயம் என்றால், லிவியாவிடம் பேச வேண்டியதைக்கூட அகஸ்டஸ் முன்கூட்டியே எழுதிவைத்து, பார்த்துத்தான் பேசுவாராம். உலகை ஆண்டவன் பெண்டாட்டியிடம் வாய் தவறிவிடக் கூடாது என்று குறிப்போடு வருகிறான்! அவன் வாசிக்கட்டும், நீ குறுக்கிடாமல் நில். விஷக்குப்பி வேண்டாம், புருவத்தை நெரிக்கவும் வேண்டாம்.

அகஸ்டஸாக யார் நடிக்கிறார்? நாடகம் என்றைக்கு என்று முன்னதாகவே எழுது. அப்பா டிக்கெட் போடத் துடிக்கிறார்.

அன்புடன்,
அம்மா