வலை பொத்தித் தந்த கைகளுக்கு

அன்பின் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி உறவுகளுக்கு,

எங்கள் சிறுவர் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு இந்த ஆண்டு தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. பணம் தந்தவர்களின் பெயர்கள் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. தங்கள் தொழிலையே மைதானத்துக்குக் கொண்டுவந்து தந்தவர்களுக்கு இந்த மடல்.

கடற்றொழில் செய்யும் அண்ணன்மாருக்கு முதல் நன்றி. கடையில் வாங்கிய கோல் வலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். விறைத்து நிற்கும் வலையில் பட்ட பந்து வந்த வேகத்தில் வெளியே திரும்பும். கம்பி நூலை அறுக்கும். மேல் மூலைகள்தான் முதலில் கிழியும். நீங்கள் வலையை முழுதாகக் கழற்றி, மேல் விளிம்பில் நைலோன் கயிறு கோத்து, சாணுக்கு ஒரு கட்டாகத் தொய்வு விட்டுக் கட்டினீர்கள். கிழிந்த இடத்தில் பிய்ந்த நூல்களை வெட்டி, நல்ல கண்கள் வரும்வரை துப்புரவாக்கிய பிறகுதான் வலை ஊசியை எடுத்தீர்கள். பழைய கண்ணின் அளவை விரலில் பிடித்து, அதே அளவில் புதுக்கண் ஒவ்வொன்றாக முடிச்சிட்டதைப் பிள்ளைகள் சுற்றியிருந்து பார்த்தார்கள். இப்போது சின்னக் கிழிசல் என்றால் அவர்களே பொத்துகிறார்கள்.

கோல் கம்பங்களைப் பற்றி நீங்கள் சொன்னது அதைவிடப் பெரியது. கம்பம் சரிந்து விழுந்தால் பிள்ளையின் உயிரே போகலாம். எங்கள் மணலில் அடித்த முளை நிற்காது. ஒருவன் குறுக்குக் கம்பத்தில் தொங்கினாலே பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் விழும். ஆகவே பின் சட்டத்தில் மணல் மூட்டை, கோலுக்கு மூன்று. யூரியா 50 கிலோ வந்த உரப்பையில் மணலைப் பாதிக்கு நிரப்பினாலே அந்தப் பாரம் வந்துவிடும். முழுக்க நிரப்பினால் இருவர் பிடித்தாலும் தூக்குவது கடினம். வெயிலில் பை சில மாதங்களில் பொடிந்து மணல் ஒழுகும் என்பதால் மேலே பழைய படங்கு போட்டு மூடியிருக்கிறோம்.

மேசன்மாருக்கு நன்றி. கயிற்றில் 3, 4, 5 மீற்றர் பக்கங்களுள்ள முக்கோணம் பிடித்து மூலைமட்டம் எடுத்தீர்கள். 60 மீற்றருக்கு 40 மீற்றர் மைதானத்தில் இரண்டு மூலைவிட்டமும் 72 மீற்றர் 11 சென்ரிமீற்றர் வரும்வரை விடவில்லை. கோடு போட நாங்கள் வைத்திருந்த நீற்றுச் சுண்ணாம்பைத் தடுத்ததும் நீங்கள்தான். அது வியர்வையில் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உரக்கடை டொலமைற் தூளில் கோடு சற்று மங்கல்தான்; விழுந்து புரளும் பிள்ளைக்கு அதுவே நல்லது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா மாரிக்கு முன்னமே வந்து பயிற்சி ரயர்களைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு சிரட்டைத் தண்ணீர் தேங்கினாலும் டெங்கு நுளம்புக்குப் போதும். நடுப்பட்டியில் மட்டும் துளை போட்டால், படுத்துக் கிடக்கும் ரயரில் நீர் முழுதாக வடியாது. இரண்டு பக்கச் சுவர்களிலும் நான்கு நான்கு துளை போட்டோம். காலில் காயமுள்ள பிள்ளையை வெள்ளம் தேங்கிய இடத்தில் இறக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் என்று அவர் சொன்னதையும் பெற்றோர் மறக்க வேண்டாம்.

ரியூசன் ஆசிரியர்களும் காத்தான்குடிப் பெற்றோரும் ஒன்றாக இருந்து நேரத்தைத் தீர்த்துத் தந்தீர்கள்: மாலை 4.15 முதல் 5.30 வரை. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்னமே பொழுது சாய்ந்துவிடும். மஃரிபுத் தொழுகைக்குப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். மாரியில் மண்டபம் திறந்துவிட்ட பாடசாலைக்கும், ஊசியை நனைக்காமல் பந்தில் குத்தாதீர்கள், வால்வு கிழியும் என்று காட்டித் தந்த சைக்கிள் கடைக்காரருக்கும் நன்றி.

எதிர்வீட்டு மாமிக்கு என்ன சொல்வது! பெண்பிள்ளைகள் இடையில் நின்றுபோவதற்கு உடை மாற்ற இடமும் கழிப்பறையும் இல்லாதது பெரிய காரணம். நீங்கள் அதற்கு உங்கள் வீட்டுத் திறப்பைத் தந்ததோடு நிற்காமல், கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வரும்வரை படலையடியில் இருக்கிறீர்கள். உங்களால்தான் அந்தத் தாய்மார் நிம்மதியாக அனுப்புகிறார்கள்.

புரட்டாதி முடியுமுன் மணல் மூட்டைகளுக்குப் பை மாற்ற வேண்டும். இரண்டு கோலுக்கும் ஆறு பை. வீட்டில் வெறும் உரப்பை இருந்தால் கழுவிக் காயவைத்து மாமியிடம் கொடுத்துவிடுங்கள். மணல் நாங்கள் நிரப்புவோம்.

அன்புடன்,
பயிற்றுநர்களும் பெற்றோர் குழுவும்,
கல்லடி, மட்டக்களப்பு