கன்ஹாயின் ஊரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ரோஹன் கன்ஹாய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆட்டத்தை அருமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தென் அமெரிக்காவில் அவர் பிறந்த போர்ட் மோரன்டை 'கயானாவின் கடலோரக் கிராமம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு மனசு ஆறவில்லை.

அது கரும்புத் தோட்டமாக இருந்த ஊர். முதலில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1838 முதல் கயானாவின் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று. கடல் ஏறும் நேரத்தில் அந்தக் கரையோர நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும். அங்கே 'கோக்கர்' என்று சொல்லும் மதகை நேரம் பார்த்து மூடித் திறந்தால்தான் வயலும் வீடும் தப்பும். குடியிருப்பு 'லாஜி' எனப்படும் நீண்ட வரிசை வீடுகள், இலங்கை மலையகத்து லயம் மாதிரிதான். நடுத்தடுப்பு கூரைவரை போகாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீடு விழித்துக்கொள்ளும். 1949இல், சர்க்கரைத் தொழிலை விசாரித்த வென் கமிஷன் இவற்றை இடிக்கச் சொன்னது. அதன் பிறகு தொழிலாளர்களுக்கு வீட்டு மனையும், நலநிதியிலிருந்து கடனும் கிடைத்தன. தோட்டம் ஊரானது இப்படித்தான். பின்னாளில் கயானாவின் அதிபரான செட்டி ஜகனும் இங்கே பிறந்தவர்தான். அவருடைய அப்பா கரும்பு வெட்டும் ஆட்களை மேய்த்த கங்காணி.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் அப்பா. 1959 ஜனவரியில் இங்கே சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்த இந்தியா–வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டைப் பார்த்தவர் அவர். கன்ஹாய் 99 ரன்னில் ரன்-அவுட் ஆனதைச் சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுவார். அதே ஆட்டத்தில் பாசில் புட்சர் 142. ஜோ சாலமனும் ஆடினார். மூவரும் போர்ட் மோரன்ட்காரர்கள்! ஒரே கரும்புத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் சென்னை வந்து ஆடியிருக்கிறார்கள் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த ஆண்டு பிரிஸ்பேனில் ஒற்றை ஸ்டம்பைக் குறிபார்த்து எறிந்து டெஸ்டையே சமன் செய்தாரே, அதே சாலமன்தான். ஊரில் மாங்காய் அடித்துப் பழகிய கை என்பார்கள்.

கப்பலேறிப் போன நம்மவர்களை அங்கே 'மதராசி' என்று அழைத்தார்கள். போர்ட் மோரன்ட் இருக்கும் பெர்பீஸ் பக்கம் மாரியம்மன், காளி பூஜைகளில் இன்றும் அடிக்கும் வாத்தியத்தின் பெயர் 'தப்பு'. வேறு விளக்கம் நமக்குத் தேவையா?

எனவே கட்டுரையாளரையே இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள், இந்தத் தடவை ஊரைப் பற்றி. அப்புறம், 1959 டெஸ்டின் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதோடு சேர்த்துப் போடுங்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவில்தான் இன்னும் குடியிருக்கிறோம்; அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

– வாசகர், பெரியமேடு, சென்னை