உரலடியிலிருந்து எங்களை எழுப்பியவர்களுக்கு

எங்கள் நிலத்தில் மீண்டும் சாமை விளையக் காரணமான பெரியோர்களுக்கும், விதை தந்த பாட்டிமார்களுக்கும், தோள் கொடுத்த அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நாங்கள் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், செம்மேட்டுக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் மகளிர் குழுவினர். சென்ற தைப் பொங்கலன்று எங்கள் குழுவின் 18 வீடுகளிலும் அவரவர் நிலத்துச் சாமையே பானையில் பொங்கியது. எங்கள் தாய்மார்களின் காலத்தில் இது எழுதத் தக்க செய்தியே அன்று. எங்கள் பிள்ளைகளில் பலருக்கோ அதுதான் முதல் சாமைப் பொங்கல். அதற்கு வழி செய்தவர்களின் பேரைச் சொல்லி நன்றி கூறவே விரும்பினோம். ஆயினும் பலர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

சாமையை நாங்கள் கைவிட்டதற்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியின் காசையும், நியாயவிலைக் கடை அரிசியையும் பலர் காரணமாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. மாதந்தோறும் வரும் அந்த அரிசி எத்தனையோ வீடுகளில் பசியைத் தடுத்தது. அதை நாங்கள் ஒருநாளும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பெண்களாகிய எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. கேழ்வரகை அப்படியே திரித்துக் களி கிண்டிவிடலாம். சாமைக்கும் தினைக்கும் அது நடவாது. மணியை இறுகப் பற்றியிருக்கும் உமியைப் போக்க உரலில் இட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும், அதன் பிறகு கல் அரிக்க வேண்டும். காட்டுவேலை முடித்து வந்த கையோடு, மறுநாள் சோற்றுக்காக விளக்கு வெளிச்சத்தில் உலக்கை பிடித்த எங்கள் அம்மாக்களின் உள்ளங்கைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். வேகவைத்தால் போதும் என்று அரிசி வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர்கள் உலக்கையைச் சுவரோரம் சாத்தியதில் என்ன தவறு? சாமையை மீட்க வேண்டும் என்று எங்களிடம் வந்து பேசியவர்கள் பலர். உமியை யார் நீக்குவது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்கே எங்கள் முதல் நன்றி.

எங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். 1990-களிலிருந்து அவர்கள் இம்மலையில் சிறுதானியங்களுக்காகச் செய்த பணியும், ஊர்களில் அமைத்த விதை வங்கிகளும், உமி நீக்கும் இயந்திரங்களும் இல்லையென்றால் எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பார்த்துப் பழக ஒரு முன்மாதிரி கிடைத்திருக்காது. 2023 செப்டம்பர் 28 அன்று பேராசிரியர் சுவாமிநாதன் மறைந்த செய்தி வந்தபோது, எங்கள் காட்டில் சாமைக் கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய குடும்பத்தாருக்கும் நிறுவனத்தாருக்கும் எங்கள் நன்றியை இம்மடல் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊருக்கு இயந்திரம் வந்தது எளிதாக நடந்துவிடவில்லை. முதலில் நாங்கள் வாங்கிய இயந்திரத்திற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். எங்கள் ஊரில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. விற்றவர் அதைச் சொல்லவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஓராண்டு அது கோணிப்பை போர்த்தியபடி கிடந்தது. மலைக்குக் கீழேயுள்ள சமவெளியிலிருந்து வந்த ஒரு வேளாண் பொறியாளர் அதைப் பார்த்து, மோட்டாரை மாற்றலாம் என்று சொன்னதோடு நில்லாமல், பொருத்தமான மோட்டாரைத் தாமே தேடிப் பிடித்து, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறித் தம் வண்டியிலேயே கொண்டு வந்து சேர்த்தார். முதல் நாள் ஓட்டியபோது பாதி மணி நொய்யாகக் கொட்டியது. அழாத குறையாக நின்ற எங்களிடம் அவர் ஒரு பிடி சாமையை அள்ளிக் கடித்துப் பார்க்கச் சொன்னார். பல்லில் நறுக்கென்று உடையாமல் நசுங்கியது, காய்ச்சல் போதவில்லை. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சல்லடையையும் மாற்றிப் போட்ட பிறகு, மணி மணியாக அரிசி விழுந்தது. ஐயா, அன்று நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனது மட்டுமே எங்களுக்கு இன்னும் குறையாக இருக்கிறது.

அந்த இயந்திரத்தை வைக்கத் தம் வீட்டுத் திண்ணையையும் ஓர் அறையையும் வாடகையின்றித் தந்த குடும்பத்தாருக்கும், பெல்ட் அறுந்த நாள்களில் புதியதைப் பேருந்தில் பத்திரமாகக் கொண்டு வந்து தந்த நடத்துநர்களுக்கும் நன்றி.

மோட்டார் மாற்றுவதற்கு முன், இயந்திரம் முதலில் வந்தபோது அதில் கொட்ட எங்களிடம் சாமை இல்லை. 2020-க்குப் பின் மரவள்ளியில் பரவிய மாவுப்பூச்சியால் நொந்திருந்த எங்கள் வீட்டு ஆண்கள், மேட்டுக்காட்டில் ஒரு பகுதியைச் சாமைக்கு விட இசைந்தார்கள். விதைதான் வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்களில் இரண்டு பாட்டிமார்கள், கேட்பார் எவரும் இல்லாத காலத்திலும் வெள்ளைப்பெருஞ்சாமையையும் மல்லியச்சாமையையும் ஆண்டு தவறாமல் கைப்பிடி அளவேனும் விதைத்து, கதிர் தெரிந்து எடுத்து, தொம்பை என்னும் தானியக் குதிரில் சேமித்து வந்திருக்கிறார்கள். எதற்காக இத்தனை காலம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “வீட்டில் விதை இல்லாமல் எப்படி இருப்பது?” என்று ஒருவர் எங்களையே திருப்பிக் கேட்டார். அவர்கள் அளந்து தந்த விதைக்குப் பணம் வாங்க மறுத்து, ஒரு படிக்கு இரண்டு படியாக அறுவடையில் திருப்பினால் போதும் என்றார்கள். அந்தக் கணக்கே இன்று எங்கள் விதை வங்கியின் சட்டம்.

வரிசை விதைப்பைக் கற்றுத் தந்த வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். வீசி விதைத்தே பழகிய எங்களுக்கு, கயிறு பிடித்து விதைப்பது முதலில் வீண்வேலையாகத் தோன்றியது. களை எடுக்கப் போனபோதுதான் அதன் அருமை விளங்கியது. இடுப்பு குனிந்திருக்கும் நேரம் குறைந்ததை எந்தப் பயிற்சி ஏட்டையும் விட எங்கள் உடம்பே எங்களுக்குச் சொல்லியது. விதையும் குறைவாகவே பிடித்தது.

மலையடிவாரத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு என்றும், தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது என்றும் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார். களியைக் கண்டால் முகம் திருப்பிய பிள்ளைகள் இன்று கீரையோடு கேட்டுச் சாப்பிடுவதற்கு அவருடைய பொறுமையே காரணம்.

சென்னையிலும் திருச்சியிலும் எங்கள் சாமையை விலை கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கும் நன்றி. அவர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீடும் தனக்கு ஓராண்டுக்கு வேண்டியதை அளந்து வைத்த பிறகே மிச்சத்தை விற்பது என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். 2023-இல் உலகச் சிறுதானிய ஆண்டு கொண்டாடப்பட்டபோது விலை ஏறியது; விளைந்ததை எல்லாம் விற்றுவிட்டுக் கடையரிசி வாங்கிய வீடுகளையும் நாங்கள் கண்டோம். ஆகையால் நீங்கள் கேட்ட அளவு எப்போதும் கிடைக்காமல் போகலாம். இதைச் சொன்னபோது கோபித்துக்கொள்ளாமல், “உங்கள் பிள்ளைகள் சாப்பிட்டது போக அனுப்புங்கள்” என்று எழுதிய அந்த அம்மாவின் கடிதத்தை அரவை அறையின் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

வருகிற ஆனியில் பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டுக்கு எங்கள் தொம்பையிலிருந்து விதை போகிறது. பாட்டிமார்களுக்குத் தர வேண்டிய விதையை ஏற்கெனவே அளந்து கொடுத்துவிட்டோம். இம்மடலில் குறிப்பிட்ட மற்ற அனைவருக்கும் ஆளுக்கு இரண்டு படி சாமையரிசி தனியே அனுப்பியிருக்கிறோம். அது புதுச்சாமை, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள்.

மிக்க நன்றியுடன்,
கொல்லிமலையின் ஒரு சிற்றூர் மகளிர் குழுவினர்