ரபீக்கள் கையில் கல்யாணப் பதிவேடு

ஆசிரியருக்கு வணக்கம்.

யூத ரபீக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர்களைக் கோயில் குருக்கள், பாதிரியார் வரிசையில் வைத்துவிட்டது. ரபீ இல்லாமலே யூத வழிபாடு நடக்கும். மரபுப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் போதும், ஓதத் தெரிந்த யாரும் முன்நிற்கலாம். ரபீ என்பவர் மதச் சட்டம் படித்தவர். இது ஆகுமா, ஆகாதா என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்பவர். நம் பக்கத்துக் கொச்சி யூதர்கள் ரபீ இல்லாமல்தான் பல நூற்றாண்டுகள் காலம் தள்ளினார்கள்.

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் என்ற யூத மக்களும் அப்படித்தான். சனிக்கிழமை ஓய்வுநாள் என்று செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனாலேயே ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தார்கள். இவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோன பிறகுதான் சிக்கல். இவர்களில் யாராவது சமூகத்துக்கு வெளியே பெண்ணோ மாப்பிள்ளையோ எடுத்தால், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று முடிந்தவரை மேலே போய் விசாரியுங்கள் என 1962இல் அந்நாட்டு ரபீக்களின் உச்ச அமைப்பான தலைமை ரபீ பீடம் உத்தரவு போட்டது. ரபீயே இல்லாத ஊரில் மணவிலக்கு முறைப்படி நடந்திருக்குமா என்ற சந்தேகம்! முறையாக விலக்குப் பெறாமல் மறுமணம் செய்த பெண்ணின் பிள்ளைகளை மற்ற யூதர்கள் மணக்கக் கூடாது என்பது மதச் சட்டம். 1964இல் ஜெருசலேமில் போராட்டம் வெடித்தது. இவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்ட பிறகு, அந்த ஆகஸ்ட் கடைசியில் பீடம் இறங்கிவந்தது. அப்போதும் உத்தரவிலிருந்து சமூகத்தின் பெயரைத்தான் எடுத்தார்கள். வம்சாவளியில் சந்தேகம் வந்தால் விசாரிக்கலாம் என்பது அப்படியே இருந்தது.

இந்த அதிகாரம் அரசு கொடுத்தது. தலைமை ரபீ பீடமே 1921இல் பிரிட்டிஷ் ஆட்சியில் உருவானதுதான். அஷ்கெனாசிகளுக்கு (நடு, கிழக்கு ஐரோப்பிய வழியினர்) ஒருவர், செபார்டிகளுக்கு (ஸ்பெயின், மத்தியகிழக்கு வழியினர்) ஒருவர் என்று இரண்டு தலைவர்கள். 1953ஆம் ஆண்டுச் சட்டம் இஸ்ரேலில் யூதர்களின் கல்யாணம், மணவிலக்கு இரண்டையும் ரபீ நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. நம் ஊர் போல் பதிவுத் திருமணம் அங்கே கிடையாது. அவர்களிடம் போக விரும்பாத ஜோடிகள் சைப்ரஸுக்கு விமானம் ஏறிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கெடுபிடி இல்லை. அங்கே நாட்டுக்கொரு தலைமை ரபீ கிடையாது, அந்தந்தச் சபையே சம்பளம் பேசி ரபீயை அமர்த்திக்கொள்கிறது. பெண் ரபீக்களும் இருக்கிறார்கள். கட்டுரையில் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1935இலேயே ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் ரபீ பட்டம் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி