தினமும் ஓட்டப்போகிற கார்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மூன்று கார்களின் விவரமும் வந்தது. அப்பாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டருக்கு வேலைக்குப் போய்வர ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று உன் மாமா கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவள் பிடித்த வண்டியில் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையைக் கழற்றி எடுக்கிற வண்டிக்குப் பணம் போடுவதுதான் என்னால் ஒத்துக்கொள்ள முடியாத செலவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு சீட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கு. ஆனால் நீ குறித்து வைத்திருக்கும் 2 லிட்டர் வேண்டாம், 1.5 லிட்டரே எடு.

சக்தி குறைவு என்று நீ முகம் சுளிப்பாய், தெரியும். 2 லிட்டர் இன்ஜின் 184 குதிரைத்திறன், சின்னது 132. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட பெரியதுக்கு ஆறரை நொடி, சின்னதுக்கு எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உங்கள் ஊரில் தெருவுக்குள் 30 மைல், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் அதிகபட்சம் 60, மோட்டார்வேயில் 70. அந்த எல்லைக்குள் பெரிய இன்ஜின் பாதி தூங்கிக்கொண்டேதான் ஓடும். சின்ன இன்ஜினை நிமிஷத்துக்கு 7,000 சுற்று வரைக்கும் இழுத்து, கியர் மாற்றி, மறுபடி இழுத்து ஓட்டலாம்; லைசென்ஸுக்கு ஆபத்து வராது. வண்டியின் எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். எடை குறைந்த வண்டி திருப்பத்தில் சொன்னபடி கேட்கும், பிரேக்குக்கும் டயருக்கும் பாரம் குறைவு. இன்சூரன்ஸும் சின்ன இன்ஜினுக்குக் குறைவாக வரும். அங்கே லைசென்ஸ் எடுத்து அதிக வருஷம் ஆகாத உனக்கு அது பெரிய தொகை.

நம் கோயம்புத்தூரில் கரிவர்தன் செய்த வேலையை அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். மாருதி 800 இன்ஜினை வைத்து லேசான ரேஸ் கார் கட்டினார், ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஓட்ட ஆரம்பித்ததும் அதில்தான். சின்ன இன்ஜினில் வேகத்தைத் திருப்பத்துக்குத் திருப்பம் காப்பாற்றித்தான் ஆக வேண்டும், மிதித்துச் சரிக்கட்ட முடியாது. ஓட்டத் தெரிந்தவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

டொயோட்டா ஜிஆர்86 நல்ல வண்டி. 2.4 லிட்டர், 234 குதிரைத்திறன். பிரிட்டனுக்கு வந்ததே கொஞ்சம்தான் என்பதால் பழைய வண்டிக்கும் விலை இறங்கவில்லை. பின்சீட்டு என்று ஒன்று இருக்கிறது, அதில் பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. அதை விட்டுவிடு.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை நீ எங்களுக்காகச் சேர்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்டின் உறவுதான், ஆனால் 1.4 லிட்டர் டர்போ. இந்த இன்ஜினோடு இங்கே விற்கவே இல்லை. அதுவும் ஒரு டன்னை ஒட்டிய எடைதான். நாலு பேர் ஏறலாம், சாமான் வைக்க 265 லிட்டர் இடம். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் உன்னோடு தினமும் யாராவது ஏறுவார்கள் என்றால் யோசிக்காமல் இதை எடு. இல்லையென்றால் பாதுகாப்புக்காகப் பிடிக்காததை வாங்கிவிட்டு அதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம்.

எம்எக்ஸ்-5 பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டு சீட்டு, திறந்த கூரை, பின்சக்கரம் இழுக்கும் சின்ன வண்டி என்பதே இங்கிலாந்துக்காரர்கள் வளர்த்தெடுத்தது. எம்ஜி, ட்ரையம்ப், லோட்டஸ் என்று எத்தனை வண்டிகள்! எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அவர்கள் விட்டதை ஜப்பான்காரர்கள் எடுத்து, மழையில் ஒழுகாமல், காலையில் ஒரே சாவியில் கிளம்பும்படி செய்து 1989-ல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார்கள். 2016-ல் பத்து லட்சம் வண்டியைத் தாண்டிவிட்டது. ஆசைக்கு மட்டும் வாங்கியிருந்தால் இத்தனை விற்றிருக்காது, தினமும் ஓட்டத் தாங்குகிறது என்பதால்தான் விற்றது.

இனி டிரைவிங் ஸ்கூல் அம்மாவாகச் சில விஷயம். 2018 கடைசியில் அல்லது அதற்குப் பிறகு வந்த வண்டியாகப் பார். அதற்கு முந்தியதில் ஸ்டியரிங்கை மேலும் கீழும்தான் நகர்த்தலாம், உன் பக்கம் இழுக்க முடியாது. உன் உயரத்துக்குச் சீட்டை முன்னே தள்ளினால்தான் கிளட்ச் முழுசாக அமுங்கும். அப்போது ஸ்டியரிங் நெஞ்சோடு ஒட்டும் அல்லது கை நீட்டியபடி தோள் வலிக்கும், இரண்டில் ஒன்று. வாங்கும் முன் கடைக்காரர் முன்னால் வெட்கப்படாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார். கிளட்சைக் கடைசி வரை மிதித்தபோது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகைச் சீட்டிலிருந்து எடுக்காமல் மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வைக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அமையவில்லை என்றால் எவ்வளவு அழகான வண்டியானாலும் இறங்கிவிடு.

அப்புறம் கூரையை மூடிக்கொண்டு பின்பக்கம் திரும்பிப் பார். துணிக்கூரையின் மூலை பெரிதாக மறைக்கும். மடிக்கும் கடினக் கூரை வைத்த ஆர்எஃப் வகையில் இன்னும் மோசம். ரவுண்டானாவில் உன் இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் கண்ணுக்கே படாது. கண்ணாடிகளை வெளியே தள்ளி, உன் வண்டியின் உடம்பு ஓரத்தில் நூல் அளவே தெரியும்படி வைத்துக்கொள். லாரி டிரைவருக்கும் நீ தெரியமாட்டாய், நீ உட்கார்வது அவன் சக்கர உயரத்துக்கு. லாரியின் பக்கவாட்டில் தங்காதே; பின்னால் நில் அல்லது கடந்துவிடு.

துணிக்கூரையையே எடு. டிரைவர் சீட்டில் இருந்தபடி நடுக்கொக்கியை விட்டு ஒரு கையால் பின்னால் தள்ளினால் திறந்துவிடும், மோட்டார் கிடையாது, கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. மோட்டார்வேயில் சத்தம் கேட்கத்தான் செய்யும். டிக்கி 130 லிட்டர், இரண்டு துணிப்பை போகும். டாஷ்போர்டில் சாமான் பெட்டிகூடக் கிடையாது, இரண்டு சீட்டுக்கும் நடுவில் பின்னால் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். வாரச் சாமானை இரண்டு தடவையாக வாங்கிக்கொள்ளப் பழகு.

ஸ்டெப்னியும் இல்லை. பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் பம்பும்தான் கொடுக்கிறார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. நீ போவது ஸ்னேக் பாஸ் மலைப்பாதையில். 500 மீட்டருக்கு மேலே ஏறுகிற பாதை, பனி பெய்தால் மூடுவார்கள், 2022-ல் மண் சரிந்து மூடிக்கிடந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் காட்டிய பெண்ணுக்கு வளைவு பயமில்லை. எனக்குக் கவலை குளிரில் இறுகிப்போகும் டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயர் ரப்பர் கெட்டியாகிவிடும், பின்சக்கர வண்டி ஈர ரவுண்டானாவில் வாலை ஆட்டும். 2 லிட்டருக்கும் 1.5-க்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நாலு பருவத்துக்குமான நல்ல டயர் நாலும் போட்டுவிடு. டயரின் பள்ளம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை சட்டப்படி ஓட்டலாம், நீ 3-லேயே மாற்று. ரோட்டுதவிச் சந்தாவும் எடுத்துவை.

இனி அப்பா சொல்லச் சொன்னது. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், அது அடிப்பாகத்தைத் தின்னும். லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல். கதவுக்குக் கீழே ஓடும் பட்டி, பின்சக்கர வளைவு, சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மூடியிருக்கிறார்கள் என்று கேள். கூரைத் தண்ணீர் இறங்கும் துளைகள் இலைச்சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். சீட்டை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் கார்ப்பெட்டில் கையை அழுத்திப் பார், ஈரம் தட்டினாலும் பூஞ்சை வாடை வந்தாலும் விடு. வாங்கிய பிறகு அந்தத் துளைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை நீயே சுத்தம் செய்யலாம்.

பதிவு எண்ணை வைத்து எம்ஓடி என்கிற வருஷாந்தர வண்டித் தகுதிப் பரிசோதனையின் வரலாறு முழுவதையும் அரசாங்கத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாமாமே. வண்டிக்கு மூன்று வருஷம் ஆனதும் தொடங்கி வருஷாவருஷம் ஓடிய மைல், பாஸா ஃபெயிலா, எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். மைல் கணக்கு ஒரு வருஷம் பின்னோக்கிப் போயிருந்தால் வாசலிலேயே திரும்பிவிடு. கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்டு, கேட்டகரி எஸ் (சட்டகத்தில் அடி) அல்லது என் (சட்டகத்தில் அடி இல்லை) என்று குறித்த வண்டியா என்பதையும் காசு கொடுத்துச் சரிபார்.

சனிக்கிழமை பார்க்கப் போகும் அந்தச் சிவப்பு வண்டியின் எண்ணை இன்றைக்கே அனுப்பு. நேரில் போனால் காலையில் முதல் ஆளாகப் போ, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உன் கையால் ஸ்டார்ட் செய். பேசி முடித்து முன்பணம் கொடுக்கும் முன் எங்களைக் கூப்பிடு. நம் நேரம் என்ன என்று பார்க்காதே, அப்பா விழித்திருப்பார்.

அன்புடன்,
அம்மா